ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

விழாத் தலைவர் அவர்களே, முன்னதாகவே வந்து அமர்ந்திருக்கும் நீர்வளப் பொறியாளர்களே, உழவர் சங்கப் பெரியவர்களே, இடமில்லாமல் பின்னால் நின்று கேட்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். அன்போடு வரவேற்றுப் பேசிய அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றி.

மழை எவ்வளவு பொய்க்கும், பொய்த்தால் யார் யார் மாட்டிக்கொள்வார்கள், அவர்கள் தாங்குவார்களா? வறட்சி இடரை மதிப்பிட இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றையும் பேசத்தான் வந்தேன். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். நீர்க்கொள்கை எழுதுகிறவர்கள் மேசையில் ஒட்டிவைக்க வேண்டிய வாசகம்.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை 1922-ல் ஏழு மாநிலங்கள் கூடிப் பங்கு போட்டன. மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி), கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். 1944-ல் மெக்ஸிகோவுக்கு 15 லட்சம். பங்கு போட்டபோது கையில் இருந்த அளவீடு கொஞ்ச வருடங்களுக்குத்தான். அவையும் பெரும்பாலும் நல்ல மழை வருடங்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் முதிர்ந்த மரங்களில் துளைக்கருவியைத் திருகி, பென்சிலைவிட மெல்லிய மரக்குச்சியாக மாதிரி எடுத்தார்கள். மழை பெய்த வருடத்து வளையம் அகலம், காய்ந்த வருடத்து வளையம் மயிரிழை. ஒவ்வொன்றாக எண்ணி, 1976-ல் கணக்கு சொன்னார்கள்: ஆற்றில் ஆண்டுதோறும் வரும் நீரின் நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம்தான்! எழுதிக் கொடுத்ததோ 1 கோடியே 65 லட்சம். 2022-ல் அந்த ஆற்றின் அணை நீர்த்தேக்கமான மீட் ஏரி, 1930-களில் நிரம்பத் தொடங்கிய பிறகு காணாத மட்டத்துக்கு இறங்கியது. கரைப்பாறைகளில் பழைய நீர்மட்டம் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள் ஐயா.

சரி, இன்று மழை வழக்கத்தைவிட எவ்வளவு கூடியது, குறைந்தது என்று காட்ட எஸ்.பி.ஐ. என்ற மழைக் குறியீடு இருக்கிறது. 1993-ல் வந்தது, நல்ல கருவி. ஆனால் மழையை மட்டும்தான் பார்க்கும். 2002-ல் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசை மாற்றத்தை வைத்து நிலத்தடி நீர் குறைவதைக் காட்டின. தனியொரு கிணற்றின் ஆழத்தை அவற்றால் சொல்ல முடியாது. அதனால்தான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்: கண்காணிப்புக் கிணறுகளை மாதாமாதம் அளக்க வேண்டும், அளந்ததை ஊரறிய எழுதிவைக்க வேண்டும். எஃகு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து இறக்குங்கள். மேலே இழுத்தால் நனைந்த இடம் நிறம் மாறியிருக்கும்; இறக்கிய நீளத்தில் நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டம். இதற்கு என்ன பெரிய செலவு? முப்பது வருடம் இப்படி எழுதிவைத்தால், புது அணை வேண்டுமா, பயிரை மாற்றினால் போதுமா என்று கணக்கோடு முடிவெடுக்கலாம். ஆழம் தெரிந்து கால் வைக்கலாம்.

மற்ற இரண்டு செய்திகளுக்கு நேரமில்லை, மன்னியுங்கள். முதல் கிணற்றுப் பதிவேட்டின் முதல் வரியைத் தலைவர் அவர்கள் தம் கையாலேயே எழுதித் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.