நாவலில் இப்படி இல்லையே!

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாவலைத் தழுவிய சரித்திரத் தொடர் தொலைக்காட்சியில் தொடங்கிய முதல் வாரத்திலேயே மூன்று பேச்சுக் கிளம்பிவிடும். "நாவல்ல இப்படி இல்லையே." "சவ்வா இழுக்கிறாங்க." "அந்தக் காலத்துல ஏது இதெல்லாம்?" மூன்றும் நியாயமான குறைகள்தான். ஆனால் மூன்றின் காரணமும் வேறு வேறு. அதைப் பிரித்துச் சொன்னால்தான் நம் கருத்து தொடர் எடுப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் இழுவை. கேபிள் தொலைக்காட்சி விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் விளம்பரம் போடலாம். அரை மணிக்கு 6 நிமிடம். முன்கதை, தலைப்புப் பாட்டு, நாளைய காட்சி எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 20 நிமிடம். 600 பக்க நாவலுக்குப் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: 900 நிமிடம், அதாவது 45 நாள். வாரத்துக்கு 5 நாள் என்றால் 9 வாரத்தில் கதை தீர்ந்துபோகும். தொடரோ வருடக்கணக்கில் ஓட வேண்டும். மீதி நாட்களை நிரப்பத்தான் நாவலில் இல்லாத சூழ்ச்சியும், ஒட்டுக்கேட்பும், ஒரே முகத்தை மூன்று முறை காட்டுவதும் வருகின்றன. இது நடிகர்களின் குற்றமும் இல்லை, நாவலின் குற்றமும் இல்லை.

"நாவலில் இல்லை" என்ற குறையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். எழுத்தில் ஒரு பெண் மனசுக்குள் இரண்டு பக்கம் நினைக்கலாம். திரையில் அதைப் பின்னணிக் குரலாகச் சொல்லலாம், முகத்தில் காட்டலாம், இல்லையென்றால் ஒரு தோழியிடம் பேசவைக்கலாம். அந்தத் தோழி நாவலில் இருக்க மாட்டாள். அவள் ஏன் வந்தாள் என்று கேட்பதைவிட, மனசில் நினைத்தது அந்தப் பேச்சில் வந்ததா என்று பார்ப்பதுதான் முறை. வாரப் பத்திரிகையில் வந்த நாவல்களை நாள் நாளாகப் பிரிப்பதில் சிக்கல் குறைவு. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் முடியும் இடத்திலேயே அடுத்த வாரத்துக்கான கொக்கி இருக்கும்.

மூன்றாவது குறைதான் நம் மதுரைப் பக்கத்து ஆட்கள் அடித்துச் சொல்லக்கூடியது. பாண்டியர் படை கண்மாய்க் கரையில் போகிறது, பின்னால் வரிசையாகச் சீமைக் கருவேலம் நிற்கிறது. அந்த மரம் இந்தியாவுக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டில். நம் கண்மாய்களைப் பிடித்தது 1950களுக்குப் பிறகு. நாட்டுக் கருவேலம் என்றால் தப்பில்லை. அதன் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் மணி கோத்ததுபோல் இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளக் கதிராக இருக்கும், காய் வெளிர் மஞ்சளாக நீண்டு தொங்கும். பனையும் புளியும் வேம்பும் நிற்கிற கரையைத் தேடிப் படம் பிடித்தால் இந்தப் பிழையே வராது. அரண்மனைத் தோட்டத்துக் காகிதப்பூவும், தோரணத்துச் செண்டுமல்லியும் கடல் கடந்து வந்தவைதான். மல்லிகை, தாமரை, தாழம்பூ, அரளி இருக்கும்போது செண்டுமல்லி எதற்கு?

சாப்பாட்டுத் தட்டும் அப்படித்தான். மிளகாய் போர்த்துகீசியரோடு வந்தது. பாண்டியர் அடுப்படியில் வற்றல் மிளகாய் காய்ந்தால் தப்பு, அங்கே மிளகுதான் இருக்க வேண்டும். நாயக்கர் காலக் கதையில் மிளகாயைக் குறை சொல்ல முடியாது, தக்காளி ரசத்தைச் சொல்லலாம். துணியைப் பாருங்கள்: முதல் செயற்கைச் சாயம் வந்தது 1856-இல். அதற்கு முன் சாயவேர்ச் சிவப்பு, அவுரி நீலம், மஞ்சள் என்று மண்ணோடு ஒட்டிய நிறங்கள். கண்ணைப் பறிக்கிற ரோஸ் கலர் பட்டு திருமலை நாயக்கர் சபையில் பொருந்தாது.

திருமலை நாயக்கர் மதுரையை ஆண்டது 1623 முதல் 1659 வரை. அந்தக் காலக் கதையில் மீனாட்சி கோயிலின் நான்கு வெளிக் கோபுரங்களும் முழுசாகத் தெரிந்தால் அதுவும் பிழை. வடக்குக் கோபுரம் அரைகுறையாக நின்றதால்தான் அதற்கு மொட்டைக் கோபுரம் என்று பேர், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் முடிந்தது. "மாரட் வீதிக்குப் போ" என்று வசனமும் வரக் கூடாது. இப்போது அந்த வீதி இருக்கும் இடத்தில் அப்போது கோட்டை நின்றது, அதை இடித்தது 1840களில். 1930களின் கதை என்றால் காசைக் கவனியுங்கள்: ரூபாய்க்கு 16 அணா, 192 தம்படி. நூறு காசுக் கணக்கு 1957 ஏப்ரலில்தான் வந்தது.

கருத்து எழுதுகிறவர்கள் ஒளிபரப்பான தேதி, எத்தனையாவது நிமிடம், எந்தக் காட்சி என்று குறித்துக்கொள்ளுங்கள். நாவலோடு ஒப்பிடும்போது பக்க எண் வேண்டாம், பதிப்புக்குப் பதிப்பு மாறும். அத்தியாயத் தலைப்பைச் சொல்லுங்கள். "எல்லாம் தப்பு" என்று எழுதினால் யாராலும் திருத்த முடியாது. "இந்த நிமிடத்தில் இந்த மரம்" என்றால் அடுத்த படப்பிடிப்பிலேயே கேமராவைத் திருப்பிவிடலாம்.

கடைசியாகப் பேச்சு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். மதுரைக் கதை என்றதும் எல்லாரையும் "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்று பேசவைத்துவிடுகிறார்கள். அது சேக்காளிகளையும் மரியாதை வேண்டாத ஆட்களையும் பற்றிச் சொல்வது. மாமனாரைப் பற்றிப் பேசும் மருமகள் "மாமா வந்தாக" என்றுதான் சொல்வாள். அண்ணன் மனைவி மதினி. அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவள் அம்மாச்சி. இந்த வீட்டுக்குள் "ஏலே" என்று ஒருவன் கூப்பிட்டால் அவன் திருநெல்வேலியிலிருந்து வந்தவனாக இருக்க வேண்டும். வசனம் எழுதியவர், உசிலம்பட்டியிலோ மேலூரிலோ எழுபது வயதைத் தாண்டிய ஓர் அப்பத்தாவிடம் பத்துப் பக்கத்தை வாசித்துக் காட்டினால் போதும். எந்த வரியில் அவர் முகம் சுளிக்கிறாரோ, அந்த வரியை மாற்றிவிடலாம்.

நன்றி. வணக்கம்.