பக்கத்துத் தெருவில் விழுந்த செவ்வாய்

வணக்கம். 'பழைய அறிவியல் புனைகதை நாவல் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், எதுவானாலும் சரி' என்றார்கள். வானொலியில் பேச வேண்டும் என்றதும் எனக்கு வேறு புத்தகம் தோன்றவே இல்லை. எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்'. செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து இறங்கி இங்கிலாந்தைப் பொசுக்குகிறார்களே, அந்தக் கதைதான்.

1895இல் வெல்ஸ் லண்டனை விட்டு, சர்ரே மாவட்டத்தில் வோக்கிங் என்ற சிறிய ஊருக்குக் குடிபோனார். எதிரே ரயில் பாதை. அப்போதுதான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். காலையில் எழுதுவது, பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவது. சும்மா சுற்றவில்லை, எந்த வீட்டை இடிக்கலாம், எந்த ஆளைக் கொல்லலாம் என்று குறித்துக்கொண்டே போயிருக்கிறார். அக்கம்பக்கத்து ஆட்களை விதவிதமாகக் கொல்லப்போகிறேன் என்று ஒரு தோழிக்குக் கடிதமே எழுதினார். ஊருக்கு வெளியே ஹார்செல் காமன் என்ற பொதுநிலத்தில் ஒரு மணல் பள்ளம் உண்டு. செவ்வாய்க்காரர்கள் உள்ளே உட்கார்ந்து வந்த முதல் உருளை விழுவது அங்கேதான். அந்தப் பள்ளம் இப்போதும் இருக்கிறது.

செவ்வாய் அப்போது எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. 1877இல் ஷியாபரெல்லி என்ற இத்தாலிய வானியலாளர் அங்கே கோடுகளைப் பார்த்துவிட்டு 'கனாலி' என்றார். தானாக உண்டான ஓடைக்கும் பொருந்துகிற சொல் அது, ஆங்கிலத்துக்கு வந்தபோது ஆள் வைத்து வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. அமெரிக்காவில் பெர்சிவல் லோவெல் அதை நம்பி 1895இல் ஒரு புத்தகமே போட்டார். அந்நியப் படை இங்கிலாந்துக்குள் புகுகிற கதைகளும் புதிதில்லை. 1871இலேயே ஜெர்மானியர் வந்து ஜெயிக்கிற 'டார்க்கிங் சண்டை' பரபரப்பாக விற்றது, அந்த டார்க்கிங்கும் இதே சர்ரேயில்தான் இருக்கிறது.

ஆனால் கதைக்கு விதை போட்டவர் வெல்ஸின் அண்ணன் ஃபிராங்க். இருவரும் சர்ரே கிராமப்புறத்தில் நடந்துகொண்டே டாஸ்மேனியாவைப் பற்றிப் பேசினார்கள். ஐரோப்பியர்கள் போய் இறங்கி அந்தத் தீவின் பூர்வகுடிகளை அழித்த விஷயம். அப்போது ஃபிராங்க், வேறு கிரகத்து ஆட்கள் வானத்திலிருந்து குதித்து இங்கே அதையே நமக்குச் செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். புத்தகத்தை வெல்ஸ் அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியா வந்துவிடுகிறது. ஐம்பதே ஆண்டுகளில் அவர்களை நாம் துடைத்தெறிந்தோமே, செவ்வாய்க்காரன் செய்தால் மட்டும் குறை சொல்லலாமா என்று கேட்கிறார். 1897இல், உலகத்தின் கால்வாசியை ஆண்ட நாட்டில், ஒரு ஜனரஞ்சகப் பத்திரிகைத் தொடரில் இப்படிக் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். (அடியோடு அழிந்தார்கள் என்று அவர் எழுதியது தப்பு. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள்.)

எனக்குப் பிடித்த இடம் இதற்கெல்லாம் பிறகு வருகிறது. முதல் நாள் ராத்திரி செவ்வாய்க்காரர்கள் தாக்கியதில் மணல் பள்ளத்தருகே நாற்பது பேர் வரை வெந்து செத்தாயிற்று. மறுநாள் காலை பால்காரர் வழக்கம்போல் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் நின்றுகொண்டு, பட்டாளம் வந்துவிட்டது, இன்றைக்குள் பிடித்துவிடுவார்கள், கிட்டவே போக முடியவில்லையே என்றுதான் வருத்தம் என்கிறார், ஒரு கை நிறைய ஸ்ட்ராபெரி பறித்துக் கொடுக்கிறார். செவ்வாய்க்காரர்கள் ஓட்டி வருகிற ராட்சத இயந்திரங்களை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், இந்த ஸ்ட்ராபெரியை எழுத வெல்ஸ் வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த இயந்திரங்களையும் அவர் எதனோடு ஒப்பிடுகிறார் தெரியுமா? பால் கறக்கும்போது உட்காருகிற மூன்று கால் ஸ்டூல் உருண்டு ஓடி வந்தால் எப்படியோ அப்படி என்கிறார். நம் ஊர்ச் சொல்லில் முக்காலி, அவ்வளவுதான். கடைசியில் அவற்றை ஓட்டி வந்தவர்களைக் கொல்வது பீரங்கியில்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். டி. எச். ஹக்ஸ்லி என்ற பெயர்பெற்ற விஞ்ஞானியிடம் உயிரியல் படித்தவர் அல்லவா வெல்ஸ்.

தன் ஊர், தன் தெரு, தன் ரயில் நிலையம் என்று பெயர் சொல்லி எரித்ததுதான் வெல்ஸ் செய்த வித்தை. பின்னால் வந்தவர்கள் திருடியதும் அதையேதான். 1938 அக்டோபர் 30, அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் என்ற 23 வயது இளைஞர், பெயர்தான் ஒன்றுபோல் ஒலிக்கிறது, உறவு கிடையாது, இதை வானொலி நாடகமாகப் போட்டார். பிரதி எழுதிய ஹோவர்ட் கோச் நியூ ஜெர்சி வரைபடத்தை விரித்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை ஊன்றினார். அது விழுந்த இடம் குரோவர்ஸ் மில். நாடகத்தில் செவ்வாய்க்காரர்களும் அங்கேயே விழுந்தார்கள். நாடே பயந்து ஓடியதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. நிறைய மிகைப்படுத்தல். சிலர் பயந்தது நிஜம், ஆனால் அந்த நேரத்தில் பெருவாரியானவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு நிகழ்ச்சி. பொம்மையைப் பேசவைக்கும் ஒரு கலைஞரின் நிகழ்ச்சி. அதை வானொலியில் கேட்டு எப்படி ரசித்தார்களோ!

1949 பிப்ரவரியில் எக்வடோர் நாட்டின் கீட்டோ நகரத்தில் நடந்ததைப் பற்றி இப்படிச் சிரித்துக்கொண்டு பேச முடியாது. அங்கேயும் ஊர்ப் பெயர்களை மாற்றி, செய்தி அறிக்கைபோல் ஒலிபரப்பினார்கள். ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். வெறும் நாடகம் என்று தெரிந்ததும் பயம் கோபமாக மாறி, கூட்டம் வானொலி நிலையம் இருந்த கட்டடத்துக்கே தீ வைத்தது. உள்ளே இருந்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள். மைக் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்வதற்கு எனக்கே கொஞ்சம் ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1898இல் பாஸ்டன் போஸ்ட் பத்திரிகை, செவ்வாய்க்காரர்களை பாஸ்டன் பக்கம் இறக்கிவிட்டு இந்தக் கதையைத் தொடராக வெளியிட்டது. வெல்ஸுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அதே மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்த ராபர்ட் கோடர்ட் என்ற 15 வயதுப் பையன் அதைப் படித்தான். மறுவருடம் அக்டோபர் 19 அன்று கிளை வெட்டுவதற்காக ஒரு செர்ரி மரத்தில் ஏறியவன், செவ்வாய்க்கே போகிற ஒரு கருவி செய்ய முடிந்தால் என்று யோசித்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்துவிட்டான். கடைசிவரை அந்தத் தேதியைத் தன் நாட்குறிப்பில் ஒரு பண்டிகைபோல் குறித்துவந்தார். 1926 மார்ச் 16 அன்று, பக்கத்து ஆபர்னில் உறவினர் ஒருவரின் பண்ணையில், திரவ எரிபொருளில் ஓடும் உலகின் முதல் ராக்கெட்டைப் பறக்கவிட்டதும் அவர்தான். இரண்டரை நொடி பறந்தது, 41 அடி உயரம் போனது, பிறகு முட்டைக்கோஸ் பாத்தியில் போய் விழுந்தது.