வர்ணத்துக்கு முன் கூரை

(ஸ்காபரோவில் எங்கள் முதியோர் சங்கத்தின் கோடைக்கால ஒன்றுகூடலில் பேசியது. கேட்டவர்கள் எழுத்திலும் வேண்டும் என்றதால் தருகிறேன். சபை சிரித்த இடங்களை வெட்ட மனம் வரவில்லை.)

பெருமதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு நமக்காக வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டொக்டர் ஐயா அவர்களே (இந்த முழங்கால் மேடை ஏறியது அவர் தயவால்), செயலாளர் தங்கச்சி, சமையற்கட்டில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் அக்காமார்களே, பொன்னாடை வாங்கி வந்தும் எனக்குப் போர்த்தாமல் அம்மையாருக்குப் போர்த்திய நிர்வாகக் குழுவினரே, எல்லோருக்கும் வணக்கம். போர்த்தியது சரிதான். அவருக்குத்தான் அது பொருத்தம்.

இன்று நான்கு விடயங்கள் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் ட்ராம் எப்படித் தப்பியது என்பது ஒன்று. பழைய ட்ராம் வண்டியை எப்படிப் புதுப்பிக்கிறார்கள் என்பது இரண்டு. புதுப்பித்ததை எங்கே வைப்பது என்பது மூன்று. நம் பேரப்பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்பது நான்கு.

கொழும்பில் ட்ராமில் ஏறியவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஆ, இத்தனை பேரா! 1899-இல் ஓடத் தொடங்கி 1960-இல் நின்றது. கோட்டையிலிருந்து பொரளைக்கு ஒன்று, கிராண்ட்பாஸுக்கு ஒன்று. சென்னையிலும் 1895-இல் வந்த ட்ராம் 1953-இல் நின்றுவிட்டது. ரொறன்ரோவில் இன்றைக்கும் ஓடுகிறது. தானாக ஓடவில்லை ஐயா. 1980-க்குள் ட்ராமை ஒழித்துவிடுவது என்றுதான் ரொறன்ரோவில் பஸ், ட்ராம் ஓட்டுகிற ரீ.ரீ.சி. நிறுவனம் திட்டம் வைத்திருந்தது. ஊர் மக்கள் ஒரு குழு அமைத்து, கணக்குக் காட்டி, கூட்டம் கூட்டமாகப் போய் வாதாடி, 1972 நவம்பரில் அந்த முடிவை மாற்ற வைத்தார்கள். அதே 1972-இல்தான் நான் சொல்ல வந்த இடமும் பொதுமக்களுக்குத் திறந்தது.

அதன் பெயர் ஹால்ட்டன் கவுண்டி ரேடியல் ரெயில்வே, பழைய ட்ராம்களை ஓட்டிக் காட்டுகிற மியூசியம். ரொக்வூட்டுக்குப் பக்கத்தில், மில்ட்டன் எல்லைக்குள் இருக்கிறது. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. 1950-களின் தொடக்கத்தில் சில பேர் சேர்ந்து, உடைக்கப் போகிற ஒரு மர ட்ராமைக் காப்பாற்றினார்கள். 1326-ஆம் இலக்க வண்டி, 1910-இல் கட்டியது. வண்டி கிடைத்துவிட்டது, வைக்க இடம் வேண்டுமே? ரொறன்ரோவிலிருந்து குவெல்ஃப் வரை 1917 முதல் 1931 வரை ஓடிய மின்சார ரயிலின் பழைய பாதையில் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து அங்கே கொண்டு போனார்கள். அப்புறம் தண்டவாளம் போட்டு, கம்பம் நட்டு, கம்பி கட்டி, மக்களை ஏற்றுவதற்கு 1972 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட பதினெட்டு வருடம்! தண்டவாளத்தின் அகலமும் ரொறன்ரோவுக்கென்றே உள்ள 1495 மில்லிமீற்றர். மற்ற ரயில்களுக்கு 1435. ஆகவே வேறு ஊர் வண்டி அங்கே ஓட வேண்டுமானால் முதலில் சக்கர இடைவெளியை மாற்ற வேண்டும். இதையெல்லாம் செய்வது சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

என் அப்பா ஒரு பழமொழியை நாளுக்கு மூன்று தரம் சொல்லுவார். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். சோதனைக்குப் படிக்காவிட்டாலும் அதுதான், சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாலும் அதுதான். இன்றைக்கு நானும் அதைச் சொல்லித்தான் உங்களைச் சலிக்க வைக்கப் போகிறேன்.

அதற்கு முன் பெரியம்மாவின் கதை. இதைச் சொல்லாமல் இறங்கினால் மனைவி காரில் ஏற்ற மாட்டாள்.

வவுனியாவிலிருந்து பெரியம்மா விசிட்டர் விசாவில் வந்திருந்தார். பெரியப்பா கோட்டையில் கிளார்க்காக இருந்த காலத்தில் கொழும்பு ட்ராமில் போய் வந்தவர். நயாகராவைக் காட்டினோம், சீ.என். கோபுரத்தைக் காட்டினோம், இரண்டுக்கும் "ம்" என்றார். ட்ராம் மியூசியம் என்றதும் சேலைக்கு மேலே என் பெரிய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

அன்றைக்கு ஓடியது பீட்டர் விட் வண்டி. ரீ.ரீ.சி. 1921-இல் தொடங்கியதும் வாங்கிய வகை. முன் கதவால் ஏற வேண்டும். கொண்டக்டர் வண்டியின் நடுவில் இருப்பார். அவரைக் கடந்து பின்பக்கம் போகும்போது காசு கொடுப்பது, இல்லையென்றால் முன்பக்கமே இருந்துவிட்டு நடுக்கதவால் இறங்கும்போது கொடுப்பது. பெரியம்மா கையில் இரண்டு டொலர் குத்தியை இறுக்கிப் பிடித்தபடி கொண்டக்டருக்கு முன்னால் போய் நின்றார். கொண்டக்டர் ஓய்வு பெற்ற வெள்ளைக்கார மனுசன், சீருடை, தொப்பி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறார். "வேண்டாம் அம்மா, வாசலில் வாங்கிய டிக்கெட்டே போதும், நாள் முழுக்க எத்தனை தரமும் ஏறலாம்" என்கிறார். நான் மொழிபெயர்க்கிறேன். பெரியம்மா நம்பவில்லை. "காசு வாங்காத கொண்டக்டரை நான் கொழும்பிலயும் காணேல்லை, வவுனியாவிலயும் காணேல்லை. இவர் உண்மையான ஆள்தானோ?" என்று என் காதில் கேட்கிறார். காதில்தான் கேட்டார், ஆனால் வண்டிக்கே கேட்டது.

வண்டி புறப்பட்டது. பாதி வழியில், மேலே போகிற கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிற கூரைக் கோல் நழுவிவிட்டது. விளக்கு அணைந்தது, வண்டி நின்றது. கொண்டக்டர் இறங்கிப் பின்னால் ஓடி, கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து பார்த்துக் கோலை இழுத்து இழுத்துக் கம்பியில் பொருத்தப் பார்க்கிறார். பெரியம்மா யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "உவருக்கு வல்வெட்டித்துறையிலே ஆரோ பட்டம் ஏத்தப் பழக்கியிருக்கினம்" என்றார்.

பாதை இரண்டு கிலோமீற்றர்தான். காட்டுக்குள் போய் ஒரு வளையத்தில் திரும்பும். வண்டி நின்றதும் பெரியம்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். "இது எந்த ஊர்?"

"ஊர் இல்லை பெரியம்மா. இனித் திரும்பிப் போகும்."

"திரும்பிப் போறதெண்டால் பிறகு ஏன் வந்தது?"

(சிரிப்பு அடங்கச் சில நிமிடம் பிடித்தது.)

எனக்கும் பதில் தெரியவில்லை, அந்த வளையத்தில் விற்கிற ஐஸ்கிரீமை வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன். ஆனால் திரும்பி வந்து இறங்கும்போது ஓட்டுநரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கச் சொன்னார் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். "மழை வந்தால் இதை எங்கை கட்டுவீங்கள் எண்டு கேள்."

நான் கேட்டேன். ஓட்டுநர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். இதுவரைக்கும் எந்த விருந்தாளியும் இதைக் கேட்டதில்லை, இங்கே நாங்கள் தினமும் பேசுவது இதைத்தான் என்றார்.

அம்மையார் அவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். ட்ராம் மியூசியங்களில் பெரும்பாலும் காப்பாற்றிக் கொண்டுவந்த வண்டிகளுக்குக் கொட்டகையில் உள்ள இடம் போதுவதில்லை. வண்டியை உடைக்கப் போகிறார்கள் என்ற செய்தி திடீரென்று வரும், உடனே தூக்கி வர வேண்டும். கொட்டகையோ மெல்லத்தான் எழும்பும். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தில் சீஷோர் மியூசியம் 1939-இல் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தது 150 டொலருக்கு வாங்கிய ஒரே ஒரு திறந்த வண்டி. இன்று அங்கே நூற்றுக்கணக்கில் நிற்கின்றன.

வெளியே நின்றால் என்ன ஆகும்? மர வண்டியின் கூரை, பலகைகளுக்கு மேலே கன்வஸ் துணி இழுத்து வர்ணம் பூசியது. வர்ணத்தில் ஒரு வெடிப்பு விழுந்தால் போதும். தண்ணீர் இறங்கும், குளிரில் உறையும், உறைந்தது விரியும், வெடிப்பு பெரிதாகும். கூரை வளைவுகள் உக்கி, பிறகு யன்னல் தூண்கள், கடைசியில் முழு உடலையும் தாங்குகிற அடிக்கட்டை. உருக்கு வண்டிகள் மட்டும் தப்புமா? தெரு உப்பில் இருபது முப்பது வருடம் ஓடியவை, கீழ்த்தகடுகள் ஏற்கெனவே துருப்பிடித்துத்தான் வரும். மோட்டார்ச் சுருளில் ஈரம் ஏறியிருந்தால் 600 வோல்ற்றைக் கொடுத்த உடனே கருகிவிடும். காயவைத்து, சோதித்துப் பார்த்துத்தான் மின்சாரம் கொடுப்பார்கள். தார்ப்பாய் போடலாமே என்பீர்கள். தார்ப்பாய் உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது. பக்கச் சுவர் இல்லாத வெறும் கூரை அதைவிட நூறு மடங்கு நல்லது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று அப்பா சொன்னார், ட்ராமுக்குக் கூரை இருந்தாலே முக்கால் சித்திரம்.

கூரை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 1916 டிசம்பரில் ரொறன்ரோ கிங் வீதிக் கொட்டகை எரிந்தது. ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் போயின. மர வண்டிகளை நெருக்கி நிறுத்தினால் ஒன்றில் பிடித்தது எல்லாவற்றிலும் பிடிக்கும். தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் வேண்டும், குளிரில் உறையாதபடி அந்தக் குழாயில் காற்றை அடைத்து வைக்க வேண்டும். கனெக்டிகட்டில் ஷோர் லைன் மியூசியம் கடலோரத்தில் இருக்கிறது. 2011-இல் ஐரீன் புயல், அடுத்த வருடமே சாண்டி. உப்புத் தண்ணீர் கொட்டகைக்குள் புகுந்து மோட்டார்களை நனைத்தது. அதற்குப் பிறகு தரையை உயர்த்திப் புதிய கொட்டகைகள் கட்டினார்கள்.

காசு தருகிறவர்களின் மனம் வேறு விதம். பித்தளைக் கைப்பிடி மினுக்க, ஆசனத்துக்குப் பிரம்பு பின்ன, பழைய சிவப்பு வர்ணம் அடிக்க என்று கேட்டால் தருவார்கள். அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். கூரைத் தகட்டோடு யார் படம் எடுப்பார்? என் கருத்தைக் கேட்டால், கூரை இல்லாத இடத்தில் வர்ணம் பூசக் காசு கொடுப்பதையே நிறுத்த வேண்டும். ஐந்து வருடம் செலவழித்து மினுக்கிய வண்டியை மூன்று குளிர்காலம் வெளியே விட்டால் திரும்ப முதலிலிருந்துதான். டொக்டர் ஐயா இதற்குத் தலையாட்டுகிறார், அவருடைய நோயாளிகளும் அப்படித்தானாம்.

தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். நான்காவது விடயத்தையும், இரண்டாவதில் நான் விட்டுப் போனதையும் அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம், தலைவர் ஐயா மேடை தந்தால்.

அம்மையார் அவர்களே, மில்ட்டன் உங்கள் தொகுதி இல்லை, உங்கள் நகரமும் இல்லை, தெரியும். அங்கே நிற்கிற 1326 எந்த நகரத்துத் தெருவில் ஓடியது? 1954-இல் யங் வீதிச் சுரங்கப்பாதை திறந்தபோது ஓடிய சிவப்பு குளொஸ்ரர் பெட்டிகளும் அங்கேதான் நிற்கின்றன. நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் முதல் வேலைக்குப் போன அந்த முகம் சப்பையான ஸ்ட்ரீட்கார் 2019 டிசம்பரில் ஓய்வு பெற்றது, அந்த வகை வண்டியும் அங்கே இருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் உங்கள் நகரத்தின் வண்டிகளைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொட்டகை நிதிக்கு ஆதரவாக உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் போதும். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பதை அதில் ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது என்று செயலாளர் தங்கச்சி பார்த்துக்கொள்வார்.

சபையோருக்கும் ஒரு வேண்டுகோள். இங்கே தச்சு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், வெல்டிங் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், முப்பது வருடம் தொழிற்சாலையில் மின்சாரப் பலகை பூட்டியவர்கள் இருக்கிறீர்கள். தையல் மெஷின் இல்லாத வீடு நம்மிடம் உண்டா? கன்வஸ் தைக்கவும் ஆள் தேவை. தேநீர் மேசையில் நீல நிறக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். பெயர், தொலைபேசி இலக்கம், என்ன வேலை தெரியும், அதோடு காரில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதையும் எழுதுங்கள். போய்வரப் பெற்றோல் காசைப் பங்கு போடலாம். மதியச் சாப்பாட்டுக்கு அக்காமார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.