பக்கிக்குக் கேஸ் மாட்டும் முன்

நேயர்களுக்கு வணக்கம். டர்பன் வட்டாரத்தில் நம் சனங்கள் நிறையப் பேருக்குப் பிழைப்பே பக்கிதான், பின்னால் சாமான் ஏற்றுகிற சின்ன வண்டி. சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருபவர்கள், டோங்காட் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள், கட்டட வேலைக்கு மணலும் சிமெண்டும் அடிப்பவர்கள் என்று பலர். மாதத்தின் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறும்போதெல்லாம் இவர்களுக்குத்தான் முதலில் வயிற்றைக் கலக்கும். அதனால் "அண்ணே, வண்டியைக் கேஸுக்கு மாத்தலாமா?" என்று என் பட்டறையில் அடிக்கடி கேட்கிறார்கள்.

மாற்றலாம். கேஸ் என்றால் அடுப்பில் எரிக்கிற எல்.பி.ஜி.தான். பெட்ரோலை எடுத்துவிட வேண்டியதில்லை, இரண்டிலும் ஓடும். ஆனால் செலவு செய்யும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். நம் நாட்டில் கேஸ் கிலோவில் விற்கிறது, பெட்ரோல் லிட்டரில். ஒரு கிலோ கேஸில் இருக்கும் சக்தி ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஆகவே கேஸ் கிலோ விலை, பெட்ரோல் லிட்டர் விலையைப் போல் ஒன்றரை மடங்கை நெருங்கினாலே மிச்சம் ஒன்றும் இல்லை. கடையில் வாங்கும் சிலிண்டர் விலைக்கு இது பெரும்பாலும் கட்டாது. மொத்த விலையில், வண்டித் தொட்டியிலேயே நிரப்பித் தருகிற இடம் உங்கள் வழியில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் யோசனை.

சரி, கணக்கு ஒத்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு மாட்டுகிற மிக்சரை, அதாவது காற்றில் கேஸைக் கலந்து விடும் சாமானை, இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டிக்கு மாட்ட விடாதீர்கள். மலிவாக வரும், உண்மைதான். ஆனால் அதில் காற்றுக் குழல் முழுக்கக் கேஸ் கலந்த காற்று நிரம்பி நிற்கும். தேய்ந்த பிளக் ஒன்று தப்பாக எரிந்தால் போதும், நெருப்பு பின்னால் அடித்து, இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு வெடித்துவிடும்.

இன்ஜெக்ஷன் வண்டிக்கு ஏற்றது இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கேஸ் இன்ஜெக்டர் உள்ள முறை. பெட்ரோல் இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறக்கலாம் என்று வண்டியின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. கேஸ் கம்ப்யூட்டர் அந்தச் செய்தியை நடுவில் வாங்கி, கேஸுக்கு ஏற்றபடி நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, கேஸ் இன்ஜெக்டரைத் திறக்கிறது. பெட்ரோல் இன்ஜெக்டர் இன்னும் வேலை செய்வதாகவே வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும், இன்ஜின் விளக்கு எரியாது. பெரியவர் பேச்சை மீறாமல் வேலை செய்கிற தம்பி மாதிரி. அதனால்தான் பெட்ரோலில் திணறுகிற வண்டிக்குக் கேஸ் மாட்டிப் பயனில்லை. பிளக், காயில், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் முதலில் சரியாக இருக்க வேண்டும்.

மாட்டுகிறவரின் கையைக் கவனியுங்கள். மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்து, கேஸ் உள்ளே போகத் துளை போடுகிறாரா? கழற்றாமல் போட்டால் துருவல் இன்ஜினுக்குள் விழும். இன்ஜெக்டரிலிருந்து போகும் ரப்பர் குழாய்கள் நான்கும் ஒரே நீளத்தில், குட்டையாக இருக்கின்றனவா? திரவத்தை ஆவியாக்கும் ரெட்யூசருக்கு இன்ஜினின் சுடுதண்ணீர் ஓடுகிறதா? தண்ணீர் குறைந்தால் ரெட்யூசர் மேல் வெள்ளையாகப் பனி படரும், வண்டி இழுக்காது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சூடான பிறகே கேஸுக்கு மாறுவதும் இதனால்தான். பெட்ரோல் தொட்டியையும் காய விடாதீர்கள், உள்ளே இருக்கும் பம்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான்.

அடுத்து என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயம். அடுப்புச் சிலிண்டரைத் தூக்கிப் பக்கியின் பின்னால் கட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடுப்புச் சிலிண்டரின் மேல்பக்கத்திலிருந்து ஆவிதான் வரும். வண்டித் தொட்டியோ அடியிலிருந்து திரவத்தை எடுத்துத் தரும். அடுப்புச் சிலிண்டரில் ஓட்டினால் அது குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரியான ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிடும். அதைவிட மோசம், வண்டித் தொட்டிக்கு உள்ள காப்புகள் அதற்கு இல்லை. தொட்டியில் 80 சதவீதத்தில் தானாக நிற்கும் வால்வு இருக்கும், வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் அல்லவா. இன்ஜின் நின்றால் கேஸை மூடும் வால்வும் உண்டு.

கேஸ் காற்றை விட கனம், கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். கேனப்பி, அதாவது பின்பக்கம் மூடிய கூடு, போட்ட பக்கியில் தொட்டியை உள்ளே வைத்தால், வால்வுகளைக் கேஸ் கசியாத பெட்டியால் மூடி, காற்றோட்டக் குழாயை வண்டிக்கு வெளியே கீழ்நோக்கி விட்டே ஆக வேண்டும். கசிவைச் சோப்பு நுரையில் பாருங்கள், தீக்குச்சியில் அல்ல.

கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்கிற எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் என்ற அமைப்பில் பதிவு பெற்றவரிடம் வேலையைக் கொடுத்து, சான்றிதழை எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸுக்கும் தெரியப்படுத்துங்கள். மாட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை கொண்டு வந்து, இணைப்புகளையும் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்கிற வண்டி என்றால் அதையும் கணக்கில் வையுங்கள், கேஸில் அந்த வால்வு உட்காரும் சீட் சீக்கிரம் தேயலாம். நன்றி, வணக்கம்.