யாரும் உட்காராத இருக்கை

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு கண்டத்தை ஒரு மாலைப் பொழுதுக்குள் அடைக்க என்னால் ஆகாது, ஒரே ஓர் அரசைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். இன்றைய கானா நாட்டின் நடுவே, மழைக்காட்டு நிலத்தில் எழுந்த அசாந்தே அரசு அது. தலைநகர் குமாசி.

நம் ஊரில் அரசியல் பேச்செடுத்தால் நாற்காலி என்ற சொல் வராமல் போகாது. நாற்காலி ஆசை என்போம், நாற்காலிச் சண்டை என்போம். யார் உட்காருவது என்பதுதான் எல்லாச் சண்டைக்கும் மூலம். 1900ஆம் ஆண்டு அசாந்தே மக்களும் ஓர் இருக்கைக்காகப் பிரிட்டிஷ் படையோடு மோதினார்கள். அதில் யாருமே உட்காரக் கூடாது என்பதற்காக மோதினார்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அசாந்தே வரலாறு முழுவதும் புரிந்துவிடும்.

அந்த இருக்கையின் பெயர் சிகா ட்வா கோஃபி. வெள்ளிக்கிழமை பிறந்த பொன்னிருக்கை என்று பொருள். அங்கே குழந்தை எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அந்தக் கிழமையின் பெயரையும் சேர்த்து வைப்பார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் குமாசியில் 1938இல் பிறந்தவர். அவர் பெயரில் இருக்கும் கோஃபியும் இந்த வெள்ளிக்கிழமைதான். பொருளுக்குக் கிழமைப் பெயர் வைப்பதில்லை, உயிருக்குத்தான் வைப்பார்கள். இருக்கைக்கு ஏன் வைத்தார்கள் என்றால், அதற்கு உயிர் உண்டு என்று நம்புவதால்தான்.

ஆங்கிலேயர் இதை ஸ்டூல் என்று எழுதிவைத்தார்கள். நாம் அதை முக்காலி என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். அதற்கு மூன்று கால் கிடையாது. தட்டையான அடிப்பலகை, நடுவில் குடைந்து செதுக்கிய தாங்கு, மேலே இரு முனையும் நிமிர்ந்து பிறைபோல் வளைந்த இருக்கை. சாதாரண வீட்டு இருக்கையைக்கூட ஒரே மரத்துண்டில் செதுக்குவார்கள். ஒருவர் தினம் உட்காரும் இருக்கையில் அவருடைய ஆன்மா படிந்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் எழுந்து போகும்போது அதைப் பக்கவாட்டில் சாய்த்துவைப்பார்கள், வழியோடு போகும் ஆவி ஏதும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா! நல்லாட்சி நடத்திய தலைவர் இறந்தால் அவருடைய இருக்கையைக் கருமையாக்கி, இருக்கை அறையில் வைத்து முன்னோராக வழிபடுகிறார்கள்.

ஒரு மனிதனின் ஆன்மா அவன் இருக்கையில் இருக்கும் என்றால், ஒரு மக்களின் ஆன்மா எங்கே இருக்கும்? பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் இதற்கு விடை கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஒசேய் டூட்டு என்ற தலைவர், மற்றவர் அனோச்சே என்ற பூசாரி. அன்று அசாந்தேக்கள் தனித்தனிக் குடிகளாகச் சிதறி, டென்ச்சிரா என்ற வலிய அரசுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தலைவர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, அனோச்சே வேண்ட, வானத்திலிருந்து பொன்னிருக்கை இறங்கி ஒசேய் டூட்டுவின் மடியில் அமர்ந்தது என்பது அவர்கள் மரபு. அசாந்தே மக்கள் அனைவரின் ஆன்மாவும் இதில் இருக்கிறது, இது போனால் நாம் போனோம் என்றார் அனோச்சே. 1701இல் ஃபெயாசே என்ற இடத்தில் டென்ச்சிரா படை தோற்றது. கப்பம் கட்டியவர்கள் கப்பம் வாங்குகிறவர்கள் ஆனார்கள்.

இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சிதறிக் கிடந்த குடிகளுக்கு, எந்த ஒரு குடிக்கும் சொந்தமில்லாத ஒரு பொருளைப் பொதுவாக்கிக் கொடுத்தார்கள். அரசன்கூட அதில் உட்கார முடியாது. பதவியேற்கும்போது அவனை மூன்று முறை அதன் மேல் தாழ்த்தி, இருக்கையைத் தொடாமலே தூக்கிவிடுவார்கள். அது தரையைத் தொடக் கூடாது என்பதால் அதற்கென்று தனி ஆசனம் உண்டு. அரசன் அதற்குப் பக்கத்தில் இருப்பான். ஆட்சியில் இருப்பவன் வேறு, ஆட்சி வேறு என்பதை ஒரு கைவினைப் பொருளால் சொல்லிவிட்டார்கள்.

அரசனைத் தேர்ந்தெடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. மகனுக்குப் பட்டம் இல்லை. தாய்வழியில்தான் வரும், மருமக்கள் தாயம் என்று நாஞ்சில் நாட்டில் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். யார் அரசன் என்று பெயரை முன்மொழியும் உரிமை அரசியன்னைக்கு. மற்றத் தலைவர்கள் ஏற்க வேண்டும். அரசியன்னை என்றால் அரசனின் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கென்று தனி இருக்கை, தனி அவை.

இந்த அரசு பொன்னால் வளர்ந்தது. பொன்தூள்தான் நாணயம். கடைக்குப் போகிறவர் தராசும் எடைக்கற்களும் கொண்டுபோக வேண்டும். அந்த எடைகள் மெழுகு வார்ப்பில் செய்த சின்னஞ்சிறு பித்தளை உருவங்கள். மீன், முதலை, பறவை, சண்டை போடும் இருவர், ஒவ்வொன்றிலும் ஒரு பழமொழி. ஆனால் பொன் மட்டுமே வளர்த்தது என்று சொன்னால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். போரில் பிடித்தவர்களைக் கடற்கரைக் கோட்டைகளில் ஐரோப்பியரிடம் விற்றுத் துப்பாக்கி வாங்கியது இந்த அரசு. எல்மினா, கேப் கோஸ்ட் கோட்டைகளின் இருட்டறைகளிலிருந்து கப்பலேறியவர்களில் பலர் அசாந்தே படை பிடித்துக் கொடுத்தவர்கள். குமாசிக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டைகளையும் பார்த்துவிட்டு வரவேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

பிரிட்டனுடன் மோதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நடந்தது. 1824இல் அசாந்தே படை வென்றது, பிரிட்டிஷ் ஆளுநர் மக்கார்த்தி களத்திலேயே இறந்தார். ஐம்பது ஆண்டு கழித்து, 1874இல், பிரிட்டிஷ் தளபதி வுல்ஸ்லியின் படை குமாசிக்குள் நுழைந்தது. அங்கே கல்லால் கட்டிய ஓர் அரண்மனை இருந்தது. உள்ளே பல மொழிப் புத்தகங்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்து வந்தவர்களே வியந்திருக்கிறார்கள். வியந்துவிட்டு, வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊருக்குத் தீ வைத்தார்கள். அரண்மனைப் பொன் லண்டனில் ஏலம் போனது. அதற்கு மேல், போர்ச் செலவுக்காக 50,000 அவுன்ஸ் பொன் தண்டம்.

அந்தத் தண்டத்தைக் கட்டவில்லை என்று காரணம் காட்டி 1896இல் மறுபடி வந்தார்கள். இளம் அரசர் பிரெம்பே போர் வேண்டாம் என்று முடிவு செய்தார். அவரும் அவர் தாயும் மக்கள் எல்லோரும் பார்க்க ஆளுநரின் காலைப் பிடித்து வணங்க வேண்டியிருந்தது. அப்படிப் பணிந்தவர்களையும் கைது செய்து முதலில் எங்கே வைத்தார்கள் தெரியுமா? எல்மினா கோட்டையில். எந்தக் கோட்டைக்கு அவர் முன்னோர்கள் அடிமைகளை அனுப்பினார்களோ, அதே கோட்டையில்! பிறகு சியரா லியோன், அதன்பின் 1900இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவு.

அரசனைக் கொண்டுபோய்விட்டார்கள், இருக்கை அகப்படவில்லை. 1900 மார்ச் மாதம் ஆளுநர் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து தலைவர்களைக் கூட்டினார். பொன்னிருக்கை எங்கே, நான் ஏன் இப்போது அதில் உட்கார்ந்திருக்கவில்லை என்று கேட்டார். அவர் நினைத்தது சிம்மாசனம். கேட்டவர்கள் காதில் விழுந்ததோ, உங்கள் எல்லோருடைய ஆன்மாவின் மேலும் நான் ஏறி உட்கார வேண்டும் என்பது. அவை மறுபேச்சில்லாமல் கலைந்தது.

அன்றிரவு நடந்த ஆலோசனையில் தலைவர்கள் சிலர் தயங்கினார்கள். எஜிசு என்ற ஊரின் அரசியன்னை யா அசாந்தேவா எழுந்தார். ஆண்கள் நீங்கள் போகாவிட்டால் பெண்கள் நாங்கள் போகிறோம் என்று அவர் சொன்னதாக இன்றும் அங்கே பள்ளிக் குழந்தைகள்வரை சொல்கிறார்கள். அவருக்கு அப்போது இளம் வயதில்லை, பேரப்பிள்ளை கண்டவர். அவர் தலைமையில் எழுந்த படை குமாசியிலிருந்த பிரிட்டிஷ் கோட்டையைச் சுற்றி வளைத்தது. உள்ளே ஆளுநரும் அவர் மனைவியும் உணவின்றி அடைபட்டு, ஜூன் மாதம் முற்றுகையை உடைத்துத் தப்பினார்கள். பிறகு பெரும்படை வந்தது. யா அசாந்தேவா பிடிபட்டு அதே செஷல்ஸுக்கு அனுப்பப்பட்டு, 1921இல் அங்கேயே இறந்தார். அசாந்தே நிலம் பிரிட்டிஷ் உடைமை ஆனது. போரில் தோற்றார்கள் என்றுதான் புத்தகத்தில் இருக்கும். ஆனால் இருக்கை கிடைக்கவில்லை. எதற்காகப் போனார்களோ அது நடந்தது.

இருக்கை மண்ணுக்குள் இருந்தது. 1921இல் சாலை போடும் கூலியாட்கள் தற்செயலாக அதைக் கண்டு, அதிலிருந்த பொன் நகைகளைக் கழற்றிவிட்டார்கள். ஊர் முழுவதும் துக்கம் காத்தது. அசாந்தே வழக்கப்படி அவர்களுக்கு மரண தண்டனை. பிரிட்டிஷார் குறுக்கிட்டு அதை நாடுகடத்தலாக மாற்றினார்கள். ஆனால் இந்த முறை ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்கள்: இனி இருக்கையில் தலையிட மாட்டோம் என்று. இருபது ஆண்டுக்கு மேல் ஒளிந்திருந்த இருக்கை அதன்பின்தான் வெளியே வந்தது.

1924இல் பிரெம்பே திரும்பினார். அவருக்காக 1925இல் பிரிட்டிஷார் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள், தாங்கள் தகர்த்த அரண்மனைக்குப் பதிலாக. அசாந்தே மக்கள் கட்டுமானச் செலவைக் கடைசிக் காசுவரை கொடுத்துத் தீர்க்கும்வரை பிரெம்பே அதில் குடியேறவில்லை. இருபத்தெட்டு ஆண்டு சிறையிருந்த மனிதர்! அந்த வீடுதான் மன்ஹியா அரண்மனை. 1995 முதல் அது அருங்காட்சியகம். அரசர்கள், அரசியன்னையரின் ஆளுயர உருவங்கள் அங்கே இருக்கின்றன, யா அசாந்தேவாவும் இருக்கிறார். குமாசியில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே போங்கள்.

2024இல் அங்கே ஒன்று நடந்தது. 1874இல் ஊர் எரிந்து சரியாக 150 ஆண்டு. பிரெம்பே திரும்பி வந்து 100 ஆண்டு. இப்போதைய அரசர் இரண்டாம் ஒசேய் டூட்டு பட்டமேற்று 25 ஆண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஃபௌலர் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஏழு பொருட்களைத் திருப்பிக் கொடுத்தது, யானை வால்மயிரில் செய்த சாமரமும் ஓர் அலங்கார நாற்காலியும் அதில் உண்டு. நிரந்தரமாகக் கொடுத்தார்கள், எந்த நிபந்தனையும் இல்லை. சில மாதத்தில் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்தும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலிருந்தும் 32 பொருட்கள் வந்தன. பட்டமேற்பில் சத்தியம் செய்யும் வாள், அரசனின் ஆன்மாவைத் தூய்மை செய்யும் பணியாளர் அணியும் பொன் வட்டப் பதக்கம். அவை வந்தது கடனாக. மூன்றாண்டுக் கடன். நிரந்தரமாகக் கொடுக்க எங்கள் சட்டம் இடம் தரவில்லை என்கிறார்கள். களவு போன வீட்டுக்காரனுக்கு அவன் பொருளையே கடன் கொடுப்பதை எந்த ஊர் நியாயத்தில் சேர்ப்பது? சட்டம் மனிதர் எழுதியதுதானே, மாற்றி எழுதட்டும். இதை நான் கோபமாகத்தான் சொல்கிறேன்.

நகருக்குள் இன்னும் இரண்டு இடம். குமாசியின் பெரிய மருத்துவமனை வளாகத்தில், அனோச்சே தரையில் குத்திவைத்த வாளின் பிடி இன்றும் தெரிகிறது. அதைப் பிடுங்கினால் அசாந்தே குலையும் என்பது நம்பிக்கை. மருத்துவமனைக்கே அவர் பெயர்தான். அடுத்தது முற்றுகை நடந்த கோட்டை, இப்போது படை அருங்காட்சியகம். கெஜேட்டியா சந்தைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று அது.

ஊருக்கு வெளியே போன்விரேயில் கென்டே நெசவு. நாலு விரற்கடை அகல நாடாவாக நெய்து, நாடாக்களைப் பக்கம் பக்கமாகத் தைத்துத் துணியாக்குவார்கள். சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்துக் கற்றதாகக் கதை. என்டோன்சோவில் மரப்பட்டையைக் காய்ச்சிய கறுப்புச் சாயத்தில் சுரைக்குடுவை அச்சைத் தோய்த்துத் துணியில் அடின்க்ரா சின்னங்கள் பதிப்பார்கள். எஜிசு பக்கம் பெசேசேயில் மண்ணும் மூங்கிலும் கொண்டு கட்டிய பழைய கோவில் வீடு. சுவரில் புடைப்புச் சித்திரங்கள். எரிந்துபோன பழைய குமாசி எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க இப்படிப்பட்ட பத்துக் கோவில்கள்தான் மிச்சம், 1980இலேயே அவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் போசும்ட்வி ஏரி. பத்து லட்சம் ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கிய நீர், சுற்றிலும் மலை. இறந்தவர்களின் ஆன்மா விடைபெற்றுப் போக இங்கே வரும் என்று நம்புகிறார்கள். ஏரியில் இரும்பு படக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. மீனவர்கள் தடித்த மரப்பலகையில் குப்புறப் படுத்து, கையாலேயே நீரைத் தள்ளிப் போவார்கள்.

கானா 1960 முதல் குடியரசு. அரசருக்குப் படையும் இல்லை, வரி விதிக்கும் உரிமையும் இல்லை. ஆனாலும் நில வழக்கு, குடும்ப வழக்கு என்று மக்கள் அவர் அவைக்குப் போகிறார்கள். வடக்கே டக்போன் அரசில் ரத்தம் சிந்திய வாரிசுத் தகராறு பல ஆண்டு நீடித்தது. அதைப் பேசித் தீர்த்த குழுவுக்கு இவர்தான் தலைவர், 2019இல் அங்கே புதிய அரசர் அமர்ந்தார்.

போகிற நாளைப் பார்த்து வையுங்கள். 42 நாளுக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்வசிடே என்ற திருநாள் வரும். முன்னோர்க்குப் படைத்துவிட்டு அரசர் மன்ஹியா முற்றத்தில் பெரும் பட்டுக் குடையின் கீழ் மக்களுக்குக் காட்சி தருவார். ஆளுயர முரசுகள், பொன்பிடி வாளேந்தியவர்கள், கொம்பு ஊதுவோர். வெளியூர்க்காரர்களும் போகலாம், வரிசையில் நின்று வணங்கலாம். அன்று அவர் கையெல்லாம் பொன்னாக உட்கார்ந்திருப்பார். அந்த ஆசனத்தைப் பார்த்து இதுதான் அது என்று நினைத்துவிடாதீர்கள். அது உள்ளே இருக்கிறது.