‘நாங்க பண்ணாத சேட்டையா?’ – ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு வந்திருக்கிற முதல் கேள்வியே கொஞ்சம் பெரியது. மதுரையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. சுற்றுலா போய்த் திரும்பும்போது பஸ்ஸில் கூடப் படிக்கிற பையன் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறான். இவருடைய மகன் அதைப் போட்டோ எடுத்து, ஸ்டிக்கராக்கி, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அது மற்ற செக்‌ஷன்களுக்கும் போய்விட்டது. அந்தப் பையன் நான்கு நாளாகப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. “என் வீட்டுக்காரர், ‘நாங்க பண்ணாத சேட்டையா, விடு’ என்கிறார். நீங்களும் போன மாதம் உங்கள் செட்டிநாட்டுப் பள்ளிக்கூடச் சேட்டைகளை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள். இதுவும் அந்த மாதிரிச் சேட்டைதானா?” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, நான் சந்தோஷமாகச் சொன்னது உண்மை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பதில் கிடைக்கும்.

எங்கள் ஊர் கானாடுகாத்தானுக்குப் பக்கம். நான் ஒன்பதாவது, பத்தாவது படித்தது 1985, 86-இல். அந்த 85-இல்தான் எங்கள் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் ஆனது. இப்போது சிவகங்கை மாவட்டம். அது எங்களுக்கு ஒரு பெரிய கொண்டாட்டமாகிவிட்டது. புவியியல் வாத்தியார் “நம்ம மாவட்டம் எது?” என்று கேட்டால் இடது பக்க பெஞ்சு முழுவதும் பழைய பேரைச் சொல்லும், வலது பக்கம் புதுப் பேரைச் சொல்லும். பாதிப் பீரியட் அதிலேயே போய்விடும்.

அப்புறம் வெடிக்காய். ஊதாப் பூப் பூக்கிற சின்னச் செடி, ஊருணிக் கரையெல்லாம் கிடக்கும். காய்ந்த காயில் ஈரம் பட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு பட்டென்று வெடித்து விதையைத் தெறிக்கும். கரும்பலகை துடைக்கிற ஈரத் துணிக்குள் ஒரு பிடி வைத்துச் சுருட்டிவிடுவோம். வாத்தியார் துணியை எடுப்பதற்கும் அது படபடவென்று வெடிப்பதற்கும் சரியாக இருக்கும். பின்னால் நானே வாத்தியாராகி முப்பது வருடம் வேலை பார்த்தேன். என் மேசையிலும் ஒரு நாள் அது வெடித்தது. வகுப்பே சிரித்தது, ஒருவன் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய் வைத்தவன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் நான் உயிருள்ளவரை மறக்காத சேட்டை வேறு. எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாசல் ஒரு தெருவில் இருக்கும், கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின் தெரு வெளிச்சம் தெரியும். கதவுகள் அத்தனையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த அறிவியல் வாத்தியார் ஒருவர், வந்த மூன்றாம் நாள் எங்களை நிறுத்தி, “தம்பி, போஸ்ட் ஆபீஸ் எங்கே இருக்கு?” என்று கேட்டார். அது அவர் நின்ற இடத்திலிருந்து நாலாவது கட்டடம். “வாங்க சார், கூட்டிட்டுப் போறோம்” என்று ஒரு வீட்டுக்குள் நுழைந்தோம்.

சொந்தக்காரர்கள் சென்னையில், கல்யாணம் காட்சிக்கு மட்டும் வருகிற வீடு அது. காவலுக்கு இருந்த ஐயாவுக்கு எங்களைத் தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. வாத்தியார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வெளியில் நல்ல வெயில். உள்ளே ஆத்தங்குடிக் கல்லில் கால் வைத்ததும் சில்லென்று இருந்திருக்க வேண்டும், ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார். பர்மாத் தேக்குத் தூணைக் கையால் கட்டிப் பார்த்தார், இரண்டு கையும் எட்டவில்லை. கொல்லை வழியாக அடுத்த தெருவுக்கு வந்து, அங்கே எதிர்வீட்டு முகப்பில் ஏறினோம். அங்கே ஒரு ஆச்சி தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தார். “புது வாத்தியாரா? உட்காருங்க” என்று காபி வந்துவிட்டது, தட்டில் தேன்குழலும் வந்துவிட்டது. எங்களுக்கு இது எதிர்பாராத வரவு. அப்புறம் அந்த வீட்டுக் கொல்லையைத் தாண்டி இன்னொரு தெரு, அங்கிருந்து வேறொரு வரிசை வழியாகத் திரும்பி, முதலில் கிளம்பிய தெருவிலேயே கொண்டுவந்து விட்டோம். போஸ்ட் ஆபீஸ் பலகையைப் பார்த்தார். தான் முதலில் நின்ற வேப்பமரத்தைப் பார்த்தார். கையில் இருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். “மிச்ச வீட்டையெல்லாம் நாளைக்குக் காட்டுங்கடா” என்றார். அவர் ஊரில் இருந்தவரை தீபாவளிக்கு அந்த ஆச்சி வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் பலகாரம் போயிற்று.

இதுவரைக்கும் நான் போன மாதம் சொன்னதுதான். சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

கணக்கு வாத்தியார் ஒருவர் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவார். கண்டிப்பானவர். நானும் இன்னும் இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் அவர் சைக்கிளில் வால்டியூப்பை உருவிவிட்டோம். இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது, வால்வுக்கு மேலே மாட்டுகிற விரல் நீளச் சின்ன ரப்பர் குழாய் அது. காற்றைப் பிடுங்கிவிட்டால் பம்பு அடித்துக்கொள்ளலாம். வால்டியூப் இல்லாவிட்டால் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. இரண்டு சக்கரத்திலும் உருவினோம். மதிலுக்குப் பின்னால் நின்று அவர் பம்பு அடிப்பதைப் பார்த்துச் சிரித்தோம்.

அன்றைக்கு அவர் ரேஷன் வாங்கியிருந்தார். கேரியரில் மண்ணெண்ணெய் டின். சைக்கிளை விட்டுவிட்டுப் போக முடியாது. ஐந்து கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். மூடி சரியில்லாத டின், குலுங்கிக் குலுங்கிப் பாதிக்கு மேல் வழியில் போய்விட்டது. அவர் வீட்டில் கரண்டு கிடையாது. அவர் போய்ச் சேரும்வரை பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் அந்த ரப்பரை வாயில் வைத்து இழுத்துக்கொண்டே நான் சைக்கிள் கடையைத் தாண்டினேன். கடைக்கார அண்ணன் பார்த்தார். சின்ன ஊரில் அது போதும். நான் வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் வந்திருந்தது. அப்பத்தா திண்ணையில் இருந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. எங்கள் வீட்டு மண்ணெண்ணெயை ஒரு தூக்குவாளியில் ஊற்றி என் கையில் கொடுத்து, “நட” என்றார்.

ஐந்து கிலோமீட்டரும் அப்பத்தா முன்னால், நான் பின்னால். வாளிக் கம்பி விரலில் பதிந்து சிவந்துவிட்டது. கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். அவர் ஒரு தடவைகூட வாங்கிக்கொள்ளவில்லை. வாத்தியார் வீடு வந்ததும், “நீ போ, நான் இங்கேயே நிற்கிறேன்” என்று வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். எனக்காக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் படலைத் திறந்தேன், நான்தான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வாத்தியாருக்குப் பின்னால் நின்ற சின்னப் பெண், ஐந்து வயதிருக்கும், என் கையிலிருந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. வாத்தியார் வாளியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, “பம்பு திண்ணையில இருக்கு. வால்டியூப் கொண்டு வந்தியா?” என்றார். மாட்டிக் காற்று அடித்தேன். அந்த வருடம் முடியும்வரை, தினம் மாலை மணி அடித்ததும் அவர் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். யாரும் சொல்லவில்லை.

அம்மா, இப்போது உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். வீடு வீடாகச் சுற்றிய வாத்தியார் எங்களோடு சேர்ந்து சிரித்தார். சைக்கிள் தள்ளியவர் சிரிக்கவில்லை. உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பையன் நான்கு நாளாக வரவில்லை என்றால் அவன் சிரிக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் வீட்டுக்காரர் சின்ன வயதில் எவ்வளவு செய்திருந்தாலும், அவர் செய்தது சாயங்காலத்தோடு முடிந்திருக்கும். வாளி தூக்கிக்கொண்டு போக ஒரு வீடு இருந்திருக்கும். போட்டோ அப்படி இல்லை. எத்தனை போனில் இருக்கிறது என்று உங்கள் மகனுக்கே தெரியாது. அதனால்தான் இதில் சீக்கிரம் இறங்க வேண்டும் என்கிறேன்.

முதலில் அந்த ஸ்டிக்கரை உங்கள் மகனே அழிக்கட்டும், போட்ட அதே குரூப்பில், ‘நான் செய்தது தப்பு, எல்லாரும் அழித்துவிடுங்கள்’ என்று அவன் பெயரில் எழுதட்டும். அடுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பையன் வீட்டுக்கு நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். வாசல்வரை போங்கள், பேச்சை அவனிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் அது உங்கள் மன்னிப்பாகிவிடும். வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். ‘பள்ளிக்கூடத்தில் நாலு அடி கொடுத்தால் சரியாகும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. அதோடு, அடி வாங்கியவன் கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வான், அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவே மாட்டான்.

அந்த வீட்டுக்காரர்களுக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள். பிள்ளை பேசாமல் ஒடுங்கிக் கிடந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசலாம், மாணவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

போய் வந்த பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன். சரி, அடுத்த கேள்வி கோட்டையூரிலிருந்து வந்திருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும்போது ஏன் 21 இழை என்று கேட்டிருக்கிறார்கள்.