தகரக் கோயில்களின் கதை

நேயர்களுக்கு வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பழைய கோயில் என்று கேட்டால், 1898-இல் கட்டிய மவுண்ட் எட்ஜ்கோம் பிள்ளையார் கோயிலைக் காட்டுவார்கள். அழகான கோயில்தான், சரி. நான் பேச வந்தது மரச்சட்டம் நிறுத்தி நெளிதகரம் அடித்த கோயில்களைப் பற்றி. 'வுட் அண்ட் அயர்ன்' என்போமே, அதுதான்.

1860 நவம்பர் 16-இல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. ஐந்து வருட ஒப்பந்தம். அது முடிந்ததும் பலர் குத்தகை நிலத்தில் காய்கறி போட்டார்கள். நிலம் வேறொருவருடையது, அதன்மேல் நிற்கிற கட்டடம் மட்டும் நம்முடையது, நாளைக்கே காலி பண்ணச் சொன்னால் செங்கல் சுவரை என்ன செய்வது? மரமும் தகரமும் என்றால் ஆணியைப் பிடுங்கி, வண்டியில் ஏற்றி, இன்னொரு இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆகவே கையில் காசில்லாமல்தான் தகரத்தில் கட்டினார்கள் என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெள்ளைக்காரர்களே சர்ச்சும் பள்ளிக்கூடமும் இப்படிக் கட்டினார்கள், அதுவும் இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வரவழைத்து! டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸில் காந்தி குடியிருந்த வீடும் இதே ரகம். 1985 கலவரத்தில் எரிந்து, அப்புறம் திரும்பக் கட்டினார்கள்.

தொல்லையும் உண்டு. கடற்காற்றின் உப்பில் ஆணி துருப்பிடிக்கும், சட்டத்தைக் கறையான் அரிக்கும், ஜனவரிக் கோடை வெயிலில் உள்ளே நின்று கற்பூரம் காட்டுகிற பூசாரியைக் கேட்க வேண்டும்! அதனால் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கர்ப்பக்கிரகத்தைச் செங்கல்லுக்கு மாற்றிவிடுவார்கள். பிரிட்டோரியா மாரியம்மன் கோயிலும் முதலில் மரமும் தகரமுமாக இருந்ததுதான், கோபுரமெல்லாம் 1930-களில் வந்தது. பிறகு இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் நம் ஆட்களை லாடியம் என்ற புறநகருக்குத் துரத்தியது, கோயில் மட்டும் பழைய இடமான மராபாஸ்டாடிலேயே இருக்கிறது.

டர்பனில் உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் எழுந்த கோயிலை ஆப்பிரிக்காவின் முதல் இந்துக் கோயில் என்பார்கள். வெள்ளம் அதை அழித்துவிட்டது. செதுக்கு வேலை செய்த கதவுகளை மட்டும் காப்பாற்றிவிட்டார்கள், டர்பனின் காட்டோ மேனர் பகுதியிலுள்ள அம்பலவாணர் ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம்.

எனக்கு ஒரு மனத்தாங்கல். கோயில் ஆண்டுமலர்களைப் புரட்டினால் கோபுரத்துக்கு முழுப் பக்கம், தகரக் கோயிலுக்கு ஒரே வரி. உங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்படி ஒரு போட்டோ இருந்தால் பின்பக்கம் ஊர், வருடம், நிற்கிறவர்கள் பெயர் எல்லாம் எழுதி, கோயில் கமிட்டிக்கு ஒரு பிரதி கொடுங்கள். பாட்டிமார்களைக் கேட்டால் பெயர் சொல்வார்கள்.